தச்சனைத் தூக்க ஓர் ஓட்டு!

போன் அலறியது.

நாலாவது மாடி. ஒற்றை அறை வீடு. ஒரு கட்டில், ஒரு மேஜை, ஒரு நாற்காலி. யாராவது வந்தால் உட்கார இரண்டாவது நாற்காலி கிடையாது. யாரும் வந்ததும் கிடையாது.

அவள் திடுக்கிட்டாள்.

அந்தப் போன் மணி அடித்துப் பதினாறு நாட்கள் ஆகியிருந்தன. கடைசியாகக் கூப்பிட்டது தங்கை. 'அப்புறம் பேசறேன்க்கா' என்று சொல்வதற்காகவே கூப்பிட்டது போல் இருந்தது.

மாலை மணி நாலு இருபது. புது நம்பர்.

"ஹலோ?"

மறுமுனையில் மூச்சு மட்டும் கேட்டது. அதற்குப் பின்னால், எங்கோ தள்ளி, குளியலறையில் தண்ணீர் கொட்டும் சத்தம்...

"ஹலோ... யாருங்க?"

"துடைப்பம் அக்காதானே?"

கிசுகிசுப்பு. ஆணா, பெண்ணா, சிறிசா, பெரிசா... எதுவும் பிடிபடவில்லை.

"ஆமா. நீங்க?"

"அந்த ஓட்டெடுப்ப நிறுத்துங்க... தூக்கினீங்கன்னா தச்சன் உயிர் போயிடும்... சத்தியமா..."

தண்ணீர்ச் சத்தம் சட்டென்று நின்றது.

லைனும் நின்றது!

அவள் அதே நம்பரைத் திரும்ப அழுத்தினாள். ஒரே மணியில் எடுத்தார்கள்.

"யாரு?" ஆண் குரல். ஈரமான, எரிச்சலான குரல்.

"இப்ப இந்த நம்பர்ல இருந்து..."

"ராங் நம்பர்!"

மறுபடி முயன்றாள். ஸ்விட்ச் ஆஃப்.

* * *

யார் இந்தத் துடைப்பம் அக்கா?

வயது நாற்பத்தாறு. மருந்து டப்பாவுக்குள் எட்டாக மடித்துத் திணித்திருப்பார்களே ஒரு காகிதம்... பிரித்த கையோடு நாம் தூக்கி எறிகிற அந்தக் காகிதத்தில் எழுத்துப்பிழை பார்ப்பது அவள் பிழைப்பு. வேலை வீட்டுக்கே வரும். முடித்ததும் மெயிலில் போகும். 'பெற்றுக்கொண்டோம்' என்று பதில் வரும். அதை ஒரு மனிதர்தான் அனுப்புகிறாரா என்று அவளுக்குச் சந்தேகம் உண்டு.

கணவர் விவாகரத்து வாங்கிக்கொண்டு போய் ஒன்பது வருடம். அவர் போனபோது அவள் அழவில்லை. இரண்டாவது தட்டை எடுத்துப் பரணில் வைத்த அன்றுதான் அழுதாள்.

அவள் பேசுகிற ஒரே இடம் சபை.

பிளாக்செயின் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்கள் சேர்ந்து வைத்திருக்கும் ஒரு பொதுப் பதிவேடு. யாரும் பார்க்கலாம். ஒருத்தரும் அழிக்க முடியாது. அப்படி ஒன்றின் மேல் உபயோகமாக எதையாவது கட்டித் தருகிறவர்களுக்கு மாதாமாதம் கொஞ்சம் டிஜிட்டல் நாணயம் பரிசாக விழும். முதலாளி கிடையாது. தலைவர் கிடையாது. எல்லாவற்றையும் ஓட்டுப் போட்டு முடிவு செய்யும் இணையக் கூட்டம்தான் சபை.

அங்கே ஒரு தலைவலி. கட்டிவிட்டுக் காணாமல் போகிறவர்கள்! ஆளும் இல்லை, வேலையும் இல்லை. பரிசு மட்டும் விழுந்துகொண்டே இருக்கும்.

அதனால் ஒரு விதி. தொண்ணூறு நாள் அசைவே இல்லாத ப்ராஜெக்டை யார் வேண்டுமானாலும் சபை முன் நிறுத்தலாம். ஏழு நாள் ஓட்டெடுப்பு. மூன்றில் இரண்டு பங்கு 'தூக்கு' என்றால் பட்டியலிலிருந்து காலி. அதற்குள் கட்டியவர் வந்து வேலையைக் காட்டினால், பிழைத்தது.

பட்டியலை உட்கார்ந்து துழாவ எவருக்குப் பொறுமை? இவளுக்கு இருந்தது. நேரமும் இருந்தது... மலை மலையாக. செத்த ப்ராஜெக்டுகளைப் பெருக்கித் தள்ளினாள். பட்டப்பெயர் தானாக வந்து ஒட்டிக்கொண்டது.

அன்று காலை அவள் சபை முன் நிறுத்தியது 'எழுந்தாச்சா?' என்ற ப்ராஜெக்டை.

தனியாக இருப்பவர்களுக்கான சின்ன ஆப். காலை ஏழு மணிக்கு 'எழுந்தாச்சா?' என்று கேட்கும். ஒரு பட்டனை அழுத்த வேண்டும். மதியம் வரை அழுத்தாவிட்டால், நீங்கள் எழுதிக் கொடுத்த நபருக்குத் தகவல் போய்விடும். நானூறு பேர் அதை நம்பி எழுந்துகொண்டிருந்தார்கள்.

துடைப்பம் அக்காவும் ஒரு நாள் அதில் சேரப் போனாள். 'உங்களுக்கு ஏதாவது ஆனால் யாரிடம் சொல்ல வேண்டும்?' என்ற கட்டத்துக்கு முன்னால் இருபது நிமிடம் உட்கார்ந்திருந்தாள். பிறகு மூடிவிட்டாள்.

அதைக் கட்டிய ஆளின் பட்டப்பெயர் தச்சன். முகத்துக்குப் பதில் ஒரு சுத்தியல் படம். சபையில் அவளை 'சாப்பிட்டீங்களா அக்கா?' என்று கேட்கும் ஒரே ஜீவன். 'வேலையைப் பாருங்க தம்பி' என்பாள் இவள். உள்ளுக்குள் அந்தக் கேள்வியை இரண்டு நாளைக்கு வைத்துக்கொள்வாள்.

அந்த ஜீவன் சபைப் பக்கம் கடைசியாக வந்து தொண்ணூற்றிரண்டு நாள் ஆகிவிட்டது என்று பட்டியலைப் பார்த்துத்தான் தெரிந்தது. கோபம் வந்தது. எல்லோரையும் போல இதுவும் போய்விட்டதா?

எழுதினாள்.

'தொண்ணூற்றிரண்டு நாட்களாகத் தச்சனைக் காணவில்லை. நீக்கப் பரிந்துரைக்கிறேன்.'

ஓட்டு விழத் தொடங்கிவிட்டது!

* * *

சபையில் ஓட்டுகளைச் சரிபார்க்கும் ஆளுக்கு வாட்ச்மேன் என்று பெயர். அவள் அவசரமாக அந்த ஆளைப் பிடித்தாள். தட்டச்சில்தான் பேச்சு.

"அந்தத் தீர்மானத்த நான் வாபஸ் வாங்கிக்கறேன்."

"முடியாதுக்கா. போட்டா போட்டதுதான்."

"போட்டது நான்தானே?"

"நீங்க போட்டீங்க. இப்ப அது சபையோடது. எழுபது பேரு ஓட்டுப் போட்டாச்சு. ஏன், என்ன ஆச்சு?"

"ஒரு உயிர் விஷயம்."

"யாரு உயிரு?"

"தச்சனோடது."



"அக்கா... நீங்க கொஞ்சம் ரெஸ்ட் எடுங்க."

அவள் விடவில்லை. தன் தீர்மானத்துக்கு எதிராகத் தானே எழுதினாள். 'அவசரப்பட்டுவிட்டேன். தயவுசெய்து எதிர்த்து ஓட்டுப் போடுங்கள்.'

சிரித்தார்கள்.

'துடைப்பமே குப்பைக்குக் காவலா?' என்றார் ஒருவர். அதற்கு நாற்பது லைக்.

* * *

மறுநாள் காலை. போலீஸ் ஸ்டேஷன்.

இன்ஸ்பெக்டர் ஒல்லியாக இருந்தார். தூக்கம் போதாத கண்கள். மேஜை மேல் அடுக்கி வைத்த ஃபைல்கள் அவரைவிட உயரமாகத் தெரிந்தன.

"சொல்லுங்கம்மா. யாரைக் காணோம்?"

"தச்சன் சார்."

"மரவேலை செய்யறவரா?"

"இல்ல சார். அது பட்டப்பேரு. கம்ப்யூட்டர் வேலை."

"சொந்தப் பேரு?"

"தெரியாது."

"வயசு?"

"தெரியாது சார். சின்னப் பையனாத்தான் இருக்கணும்."

"அட்ரஸ்?"

"தெரியாது."

"போட்டோவாவது இருக்கா?"

"ஒரு சுத்தியல் படம் இருக்கு சார்..."

இன்ஸ்பெக்டர் பேனாவை மூடினார்.

"நீங்க அவருக்கு என்ன உறவு?"

அவள் யோசித்தாள். நியாயமான கேள்வி.

"அவரைப் பட்டியல்ல இருந்து தூக்கணும்னு எழுதிப் போட்டவ."

"அடடே! தூக்கணும்னு சொன்னதும் நீங்க... காப்பாத்தணும்னு ஓடி வந்ததும் நீங்களா?"

"ஆமா சார்."

"வீட்ல வேற யாரு இருக்கா?"

"யாரும் இல்ல."

"ம்..." அந்த 'ம்'மில் அவர் ஒரு முழு அறிக்கை எழுதி முடித்துவிட்டார். தனியாக இருக்கும் பெண். பொழுது போகவில்லை. யாரோ விளையாடுகிறார்கள்.

அவளுக்கு அது புரிந்தது. காது சூடேறியது.

"சார்... நான் பைத்தியம் இல்ல. எனக்கு வந்த போன் நிஜம். இதோ நம்பர்."

ஒரு துண்டுச் சீட்டை மேஜையில் வைத்தாள். எண்கள் அச்சடித்தது போல் இருந்தன.

"வெச்சுட்டுப் போங்க. ஏதாவது உருப்படியா கிடைச்சா வாங்க."

* * *

மூன்றாம் நாள்.

சபையில் வெடி!

தச்சனின் கணக்கிலிருந்து ஒரு பதிவு!

'நான் இருக்கேன். பிஸி. யாரும் பயபட வேன்டாம். ஓட்டு வேண்டாம்.'

'வந்துட்டாருய்யா!' என்று குதித்தார்கள். துடைப்பம் அக்காவுக்குப் பாராட்டும் கேலியும் சேர்ந்து விழுந்தன.

அவள் மட்டும் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

'பயபட.' ஒற்று இல்லை. 'வேன்டாம்.' ரெண்டு சுழி. அடுத்த வாக்கியத்திலேயே அது மூன்று சுழி ஆகிவிட்டது!

தச்சனா இப்படி எழுதுவது? இருபது வருடமாகப் பிழை திருத்துகிறவளையே ஒரு தடவை திருத்திய ஆள் தச்சன். 'ஒரு ஓட்டு அல்ல அக்கா, ஓர் ஓட்டு' என்று சிரிப்பு பொம்மையோடு வந்த அந்தத் திருத்தம் அவளுக்கு இன்னும் மனப்பாடம்.

இது தச்சன் இல்லை. தச்சனின் இடத்தில் வேறு யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள்!

ஒரு கணம் விரல்கள் தயங்கின. சும்மா இருந்தால் ஓட்டு மாறிவிடும். தச்சன் உயிருக்கு ஆபத்து இல்லை. ஆனால்... அந்தக் கிசுகிசுப்பு?

தட்டினாள்.

'வார்த்தை போதாது. விதிப்படி வேலையைக் காட்டட்டும். ப்ராஜெக்டில் ஏதாவது ஒரு மாற்றம். சின்னதாக இருந்தாலும் போதும்.'

வாட்ச்மேன் ஒப்புக்கொண்டார். 'அக்கா சொல்றது சரி. விதி எல்லாருக்கும் ஒண்ணுதான்.'

அன்று அவள் சாப்பிடவில்லை. கேட்கவும் ஆள் இல்லை.

நான்காம் நாள் எதுவும் நடக்கவில்லை. 'தூக்கு' பக்கம் அறுபத்து நாலு சதவீதத்தில் வந்து நின்றது. இன்னும் மூன்று ஏறினால் முடிந்தது கதை!

அவள் தட்டித் தட்டிப் பக்கத்தைப் புதுப்பித்துக்கொண்டே இருந்தாள். மருந்துக் காகிதம் ஒன்று திருத்தாமல் கிடந்தது. 'ஏன் தாமதம்?' என்று மெயில் வந்தது. முதல் தடவையாக அதை ஒரு மனிதர்தான் அனுப்பியிருக்கிறார் என்று தோன்றியது. பதில் போடத்தான் தோன்றவில்லை.

ஐந்தாம் நாள் காலை பத்து மணி.

மாற்றம் வந்தது!

'எழுந்தாச்சா?' ஆப்பில், காலையில் எல்லோருக்கும் போகிற நாலு வரி வாசகத்தைப் புதிதாக மாற்றியிருந்தார்கள். அவ்வளவுதான். சபை கை தட்டியது. ஓட்டுகள் மளமளவென்று எதிர்ப்பக்கம் சாய்ந்தன.

அவள் அந்த நாலு வரியைப் படித்தாள்.

எழுந்தாச்சி?
காறை வணக்கம்.
பதில் இல்லையினில் தகவல் போகும்.
உங்கல் நலமே எங்கள் பணி.

வரிக்கு ஒரு பிழை. அளந்து போட்டது போல!

'யாரோ அவசரத்துல போட்டுட்டாங்க' என்று சபையில் ஒருவர் சிரித்தார்.

அவள் சிரிக்கவில்லை. நாலு வரியையும் ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு சிவப்புப் பேனாவை எடுத்தாள். இருபது வருடப் பழக்கம். தப்பான எழுத்தை மட்டும் வட்டம் போட்டாள்.

எழுந்தாச்'சா' அல்ல... 'சி'.

கா'லை' அல்ல... 'றை'.

இல்லை'யெ'னில் அல்ல... 'யி'.

உங்க'ள்' அல்ல... 'ல்'.

வட்டங்களை மேலிருந்து கீழே படித்தாள்.

சி... றை... யி... ல்...

காகிதத்தை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடினாள்!

* * *

இன்ஸ்பெக்டர் அந்தக் காகிதத்தை மூன்று தடவை படித்தார். பிறகு எழுந்து நின்றார். அது நல்ல அறிகுறி.

"தற்செயலா இருக்கலாமில்ல?"

"சார், ஒரு பக்கத்துல எப்படித் தப்பு வரும்னு எனக்குத் தெரியும். கை தவறும். கண் தவறும். இப்படி வரிசையா நின்னு பேசாது."

"அப்ப யாரோ பக்கத்துலயே உக்காந்து பாத்துக்கிட்டு இருக்கும்போது..."

"ஆமா சார். உக்காந்திருக்கறவனுக்கு ஸ்பெல்லிங் வராது. 'வேண்டாம்'னு ஒழுங்கா எழுதத் தெரியாதவன். அவன் கண்ணு முன்னாடியே எழுதியிருக்கு."

"எதுக்கு அடைச்சு வெக்கணும்?"

"பரிசு விழற பெட்டிக்குச் சாவி மாதிரி பன்னெண்டு வார்த்தை சார். கட்டினவங்க மனசுலதான் இருக்கும். அத வெளில எடுக்கணும்னா ஆள் உயிரோட வேணும்."

"ப்ராஜெக்டையே தூக்கிட்டா?"

"பரிசு நின்னுடும். அப்புறம் அந்த ஆளால பிரயோஜனம் இல்ல."

அவள் காகிதத்தை வாங்கிப் பைக்குள் வைத்தாள். "தூக்கினா சாவு சார்... தூக்கலன்னா ஜெயில். ரெண்டுல எதுக்கு நான் ஓட்டுப் போட?"

இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்தார்.

"நம்பரை நேத்தே விசாரிச்சேன்."

"சார்?"

"நீங்க போனப்புறம் அந்தச் சீட்டு என்னையே பாத்துக்கிட்டு இருந்துச்சு. ஒரு டிரைவிங் ஸ்கூல் ஓனரோட நம்பர். ரெண்டு மணி நேரப் பயணம். கிளம்புங்க... உங்க சபை பாஷை எனக்குப் புரியாது."

* * *

'பயமின்றி ஓட்டப் பழகுங்கள்' என்றது போர்டு.

கீழே அலுவலகம். மாடியில் வீடு. வாசலில் ஒரு பயிற்சிக் கார்.

ஓனருக்கு நாற்பது வயது இருக்கும். மடிப்புக் கலையாத சட்டை. போலீஸைப் பார்த்ததும் பதறவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"வாங்க சார், உக்காருங்க! லைசென்ஸ் விஷயமா?"

"ஒரு ஆளத் தேடறோம். தச்சன்னு பேரு."

ஓனரின் இமை ஒரு தடவை துடித்தது. அவ்வளவுதான்.

"தச்சனா? இங்க அப்படி ஒரு ஆம்பளையும் இல்லையே சார்."

"நாலு நாளைக்கு முன்னாடி உங்க போன்ல இருந்து இவங்களுக்குக் கால் போயிருக்கு."

"ஸ்டூடண்ட்ஸ் யாராவது எடுத்துப் பேசியிருப்பாங்க. டேபிள் மேலதான் கிடக்கும். சந்தேகம்னா தாராளமா வீட்டப் பாருங்க சார். நானும் என் வொய்ஃபும் மட்டும்தான்."

இன்ஸ்பெக்டரும் கூட வந்த கான்ஸ்டபிளும் பார்த்தார்கள்.

மூன்று அறைகள். சமையலறை. குளியலறை. மொட்டை மாடி. தண்ணீர்த் தொட்டி. கட்டிலுக்கு அடியில் பழைய டயர். அலமாரிக்குள் துணி. ஆண் வாசனைக்கு ஓனர் ஒருவர்தான்.

"கான்ஸ்டபிள்! கீழ போயி அந்தக் காரையும் ஒரு தடவை பாத்துடு. டிக்கி, சீட்டுக்கு அடில... எல்லாம்!"

"சரி சார்!"

ஓனர் சிரித்தார். "நல்லாப் பாருங்க சார். ஏம்மா... எல்லாருக்கும் தண்ணி கொண்டா!"

மனைவி வந்தாள். முப்பது வயதுக்குள் இருக்கும். வெயிலே படாத வெளிறிய முகம். தட்டில் டம்ளர்கள் லேசாக ஆடின. யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"அவளுக்குப் பேச்சு கம்மி" என்றார் ஓனர்.

இன்ஸ்பெக்டர் டம்ளரை வைத்துவிட்டுத் துடைப்பம் அக்காவின் பக்கம் திரும்பினார். குரலைத் தாழ்த்தினார்.

"ஆள் இங்க இல்லம்மா. கிளம்பலாம்."

இவ்வளவு தூரம் வந்தும் கோட்டை விட்டாயிற்றா? எங்கேயோ ஒரு பையன், ஏதோ ஓர் அறையில்...

அறை!

உள்ளறைக் கதவைப் பார்த்தாள். புத்தம் புதுத் தாழ்ப்பாள். ஆணிகள் இன்னும் பளபளத்தன.

அது வெளிப்பக்கம் இருந்தது.

"இதென்ன சார், படுக்கையறைக்கு வெளில தாழ்ப்பாள்?"

"காத்துக்குக் கதவு அடிச்சுக்குது" என்றார் ஓனர். "அதான்."

ஜன்னல்கள் எல்லாம் மூடியிருந்தன. காற்று எங்கிருந்து வரும்?

அவள் மெல்லத் திரும்பி அந்த மனைவியைப் பார்த்தாள். வெளிறிய முகம்... வலது கை விரல்கள் மட்டும் புடவை மடிப்பில் எதையோ தட்டிக்கொண்டே இருந்தன. கீ போர்டுக்குப் பழகிய விரல்கள்.

துடைப்பம் அக்கா பையிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்தாள். எழுத்து தெரியாதபடி நாலாக மடித்தாள். நீட்டினாள்.

"ஏம்மா... நான் ப்ரூஃப் ரீடர். எனக்குக் கண்ணு சரியாத் தெரியல. இதுல எத்தனை தப்பு இருக்குன்னு பாத்துச் சொல்றியா?"

"அவளுக்கு என்னங்க தெரியும்..." ஓனர் குறுக்கே வந்தார்.

அந்தப் பெண் காகிதத்தை வாங்கினாள்.

பிரிக்கவில்லை.

முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தாள்.

"நாலு, அக்கா."

காகிதத்தைப் பிரிக்காமலே திருப்பிக் கொடுத்தாள்.

"நான்தான் தச்சன்."

* * *

ஓனர் பாய்ந்தார்!

மனைவி மேல் அல்ல. வாசல் பக்கம்! இன்ஸ்பெக்டர் எட்டிப் பிடிப்பதற்குள் படிகளில் தடதடவென்று இறங்கினார். பயிற்சிக் காரின் கதவைத் திறந்தார். ஏறினார். சாவி. கிளட்ச். கியர். ஆக்ஸிலரேட்டர்!

கார் சீறியது... ஒரே ஒரு அடி!

க்ரீ...ச்!

நின்றுவிட்டது.

பக்கத்து சீட்டுக்கு அடியில் தலையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்த கான்ஸ்டபிள் நிமிர்ந்தார். அவர் பூட்ஸ் கால், கற்றுக்கொடுக்கிறவருக்கென்று இருக்கும் இரண்டாவது பிரேக்கின் மேல் அழுந்தியிருந்தது.

"எங்க சார் அவசரமா?" என்றார். "சீட் பெல்ட் போடல பாருங்க!"

* * *

மாடிப்படியில் இரண்டு பெண்களும் உட்கார்ந்திருந்தார்கள். தச்சன் என்கிற அந்தப் பெண் வெயிலில் காலை நீட்டியிருந்தாள். மூன்று மாதத்துக்குப் பிறகு வெயில்.

"ஆரம்பத்துல அவருக்கு நான் என்ன செய்றேன்னே தெரியாதுக்கா. தெரிஞ்ச அன்னிக்கு லேப்டாப்பப் பிடுங்கி வெச்சுட்டாரு. மாசத்துக்கு ஒரு தடவை பக்கத்துல உக்காந்து அந்தப் பன்னெண்டு வார்த்தையப் போடச் சொல்வாரு. திரையில வெறும் புள்ளியாத்தான் விழும், அவரால படிக்க முடியாது. மத்தபடி ஒரு எழுத்துத் தட்ட விடல. வெளில யாருக்காவது சொல்லிடுவேன்னு பயம்."

"அதனாலதான் அசைவே இல்ல..."

"உங்க தீர்மானத்தப் பாத்துட்டுக் குதிச்சாரு. 'அது நின்னா நீ எதுக்கு?'ன்னாரு. சும்மா மிரட்டறதா எனக்குத் தெரியல. அவர் குளிக்கப் போனப்ப போன எடுத்தேன். சபைல உங்க நம்பர் எப்பவும் மேலயே இருக்குமே... புகாருக்குன்னு."

"நீதான் தச்சன்னு அன்னிக்கே சொல்லியிருக்கலாமேம்மா!"

"நீங்க எல்லாரும் என்னைத் தம்பின்னுதானே கூப்பிடுவீங்க? நான் பொம்பளைன்னு சொல்லி, நீங்க நம்பி, அட்ரஸ் சொல்லி... அவர் குளியல் அவ்வளவு நீளம் இல்லக்கா."

துடைப்பம் அக்காவால் அவளைப் பார்க்க முடியவில்லை. படியைப் பார்த்தாள்.

"நான் உன்னைத் தூக்கணும்னு எழுதினவ."

"இல்லக்கா." அந்தப் பெண் தலையை அசைத்தாள். "எனக்கு அம்மா அப்பா இல்ல. கல்யாணத்துக்கு அப்புறம் ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் விட்டுப்போச்சு. பக்கத்து வீட்ல நான் ஊருக்குப் போயிருக்கேன்னு நெனச்சிருக்காங்க. மூணு மாசம்... ஒருத்தர் தேடல. அன்னிக்கு அவர் உங்க பதிவ சத்தமாப் படிச்சுக் காட்டினாரு. 'தச்சனைக் காணவில்லை'ன்னு. உலகத்துலயே என்னைக் காணோம்னு சொன்ன ஒரே ஆளு நீங்கதான்."

துடைப்பம் அக்கா பக்கத்தில் இருந்த கையைப் பிடித்துக்கொண்டாள். குச்சி மாதிரி இருந்தது அந்தக் கை. ஒன்பது வருடத்தில் அவள் பிடித்த முதல் கை.

"எங்கக்கா போறது இனிமே எனக்கு?"

"எங்க வீட்ல ஒரே ஒரு நாற்காலிதான் இருக்கு" என்றாள் துடைப்பம் அக்கா. "போற வழில இன்னொண்ணு வாங்கிடலாம்."

கீழே ஜீப்புக்குள்ளிருந்து சத்தம் வந்தது.

"சார்! இது எங்க குடும்ப விஷயம் சார்! புருஷன் பொண்டாட்டிக்குள்ள ஆயிரம் இருக்கும்!"

"ஆயிரம் இருக்கட்டும்யா. தாழ்ப்பாள் எதுக்கு வெளிப்பக்கம் இருக்கு?"

பிறகு அந்தக் குரல் இறங்கி வந்தது.

"சார்... அந்தச் சபைல நிறைய பேரு என் பக்கம் இருக்காங்க சார். ப்ராஜெக்ட் இருக்கட்டும்னுதான் இப்ப ஓட்டு விழுது. வேணும்னா அவங்களக் கேட்டுப் பாருங்க..."

இன்ஸ்பெக்டர் ஜீப்பில் ஏறினார். தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

"கவலைப்படாதய்யா! உன்னை உள்ள வெக்கறதுக்கு ஏழு நாள், மூணுல ரெண்டு பங்கெல்லாம் தேவையே இல்ல. எங்க சபைல மொத்தமே ஓர் ஓட்டுதான்... அத ஜட்ஜ் ஐயா போடுவாரு!"